குறைப் பிரிவு

செண்பகனூரைத் தாண்டி, பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்புகிற இரண்டாவது வளைவில், பைன் மரங்களுக்கு நடுவே ஒரு நீளக் கொட்டகை இருந்தது. மலைப்பகுதி உலோகப் பதனிடு கழகம் என்று அதற்குப் பெயர். அலுமினியத் தகடுகளைக் கழுவி, மருந்துத் தொட்டியில் முக்கி, உப்புக் காற்று அரிக்காதபடி பொன் நிறத்தில் ஒரு பூச்சு ஏற்றி அனுப்புவது அதன் தொழில். எங்கோ கடலில் போகிற கப்பல்களின் வயர்லெஸ் பெட்டிகளுக்கான தகடுகள் அவை. கடலுக்குப் போகிற சாமானைக் கடலிலிருந்து ஏழாயிரம் அடி உயரத்தில் வைத்து எதற்காகச் செய்கிறார்கள் என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. இயக்குநருக்கு மதுரை வெயில் ஒத்துக்கொள்ளாது என்பது ஊரறிந்த விஷயம். கோப்பில் மட்டும் ‘தூசியற்ற தட்பவெப்பம்’ என்று எழுதியிருந்தது.

பெரியண்ணன் அங்கே எழுபத்தொன்பதாம் வருஷம் வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முன் சிலோனில், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஃபேக்டரியில் இருபது வருஷம். அரைத்த கொழுந்து பரப்பி வைத்த இடத்தில் மெல்ல மெல்லச் சிவந்து வரும்போது, ‘போதும், இப்ப அடுப்புக்கு அனுப்பு’ என்று மூக்காலேயே சொல்கிறவர் அவர். அந்த நேரத்தில் தொரைகூடக் கடிகாரத்தைப் பார்க்காமல் பெரியண்ணன் முகத்தைத்தான் பார்ப்பாராம். தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தப்படி கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் அட்டுவம்பட்டி லயத்து வரிசை வீடுகளில் ஒரு தகரக் கூரைக்கு அடியில் மனைவி மாரியாயியோடு வந்து ஒண்டியபோது, கையில் குடும்ப அட்டையும் முகத்தில் அந்த மூக்கும்தான் மிச்சம் இருந்தன.

நேர்முகத் தேர்வில், “முன் அனுபவம் என்ன?” என்று கேட்டார்கள்.

“தேத்தூள் வாசம் பாப்பேனுங்க” என்றார்.

‘ஆவி தொடர்பான பணியில் இருபதாண்டு அனுபவம்’ என்று எழுதிக்கொண்டு அவரை மஞ்சத் தொட்டிக்கு அனுப்பினார்கள்.

கொட்டகைக்குள் தொட்டிகள் வரிசையாக இருந்தன. முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற சோடாத் தொட்டி. அப்புறம் கரியை எடுக்கிற ஆசிட் தொட்டி. கடைசியில் குரோமேட் கரைசல் நிறைந்த மஞ்சத் தொட்டி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அலசுகிற தண்ணீர்த் தொட்டி. வெள்ளைத் தகடு மஞ்சத் தொட்டிக்குள் போய், மூன்று நிமிஷம் கழித்து வெளியே வரும்போது, மேலே தங்கமும் வானவில்லும் கலந்து ஓடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பெரியண்ணன் தங்க முலாம் பூசுகிறார் என்று ஊர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வதந்திகூட இருந்தது.

சேர்ந்த அன்றைக்கே அவருக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்தார்கள். வெள்ளை வெளேரென்று பருத்தித் துணியில் தைத்தது. தொட்டிக்குள் ஒரு முறை தகடு மாட்டிய கொக்கியை இறக்கி ஏற்றியதும் அது நனைந்து, கையோடு ஒட்டிக்கொண்டு எரிந்தது. பெரியண்ணன் தர ஆய்வு அலுவலர் சேனாதிபதியிடம் போனார். சேனாதிபதி நேர்மையானவர், ஒரு நாள் லீவு போடாதவர், விதிப் புத்தகத்தைப் பைக்குள் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பவர்.

“ஐயா, இது தண்ணி ஊறுதுங்க. ரப்பர்ல ஒண்ணு தந்தா கைக்கு நல்லது.”

“கைக்கா?” சேனாதிபதிக்கு உண்மையிலேயே புரியவில்லை. “ஏய்யா, கையுறை கைக்குன்னு யாரு சொன்னது? அது தகட்டுக்கு. ஒன் கை பட்டு தகடு கெட்டுறக் கூடாதுன்னு குடுத்துருக்கு. ரப்பர் போட்டா தகட்டுல கறை விழும். போ, சோலியப் பாரு.”

மேலே புகை இழுக்கிற விசிறி ஒன்று இருந்தது. அது ஓடினால் வெளியிலிருந்து மகரந்தத் தூள் உள்ளே வந்து தகட்டில் ஒட்டுகிறது என்று கண்டுபிடித்து, அதை நிறுத்தி, சாக்குப் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

அந்த வருஷம் டிசம்பரில் தர வாரம் கொண்டாடினார்கள். தொழிலாளர்கள் எல்லோரும் வெள்ளைக் கையுறை அணிந்து வந்து உட்கார வேண்டும் என்று உத்தரவு. இயக்குநர் கம்பளிக் கோட்டும் மப்ளருமாக மேடை ஏறினார்.

“நண்பர்களே! அலுமினியத்துக்கு இந்த உலகத்தில் மூன்று எதிரிகள். ஒன்று, உப்பு. இரண்டு, எண்ணெய். மூன்று, மனிதன். உப்பை நாம் கடலோடு விட்டுவிட்டு வந்துவிட்டோம். மற்ற இரண்டும் தினமும் காலை எட்டு மணிக்கு நம்முடைய கேட் வழியாகவே உள்ளே வருகின்றன. ஒரு விரல் ரேகை, ஒரே ஒரு விரல் ரேகை போதும், நடுக்கடலில் ஒரு கப்பலை ஊமையாக்கிவிடும். நான் உங்களை வெறுக்கவில்லை. உங்கள் தோலைத்தான் வெறுக்கிறேன். அதையும் நீங்கள் என்னோடு சேர்ந்து வெறுக்க ஆரம்பித்தால் இந்தக் கழகம் முன்னேறும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். பருத்திக் கையுறையோடு தட்டியதால் சத்தமே வரவில்லை. கூட்டம் உணர்ச்சிப் பெருக்கில் வாயடைத்துப் போய்விட்டதாக இயக்குநர் எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்தார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தலைக்கு எண்ணெய் தடவுவது தடை செய்யப்பட்டது. கைக்கு, காலுக்கு, எதற்கும் கூடாது. வழியில் டீக்கடையில் வடை தின்றுவிட்டு வருவதும் கூடாது. சொன்னால் போதுமா, சோதிக்க வேண்டாமா? தகட்டுக்கு ஒரு சோதனை உண்டு. அலசின தகட்டைத் தூக்கிப் பிடித்தால், அதன் மேல் தண்ணீர் ஒரே படலமாக முப்பது விநாடி நிற்க வேண்டும். உடைந்து முத்து முத்தாக ஓடினால் எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம், திரும்பவும் சோடாவில் போட வேண்டும். நீர்ப்படலச் சோதனை என்று அதற்குப் பெயர். அதை அப்படியே மனிதர்களுக்கும் கொண்டுவந்தார் சேனாதிபதி. கேட்டில் வாட்ச்மேன் மரியசூசை ஒரு கையில் செம்பும் மறு கையில் கடிகாரமுமாக நின்றார். ஒவ்வொருவராக முழங்கையை நீட்ட வேண்டும், நெற்றியைக் காட்ட வேண்டும். மார்கழிக் குளிரில் செம்புத் தண்ணீர் மேலே விழும்போது உயிர் போய் உயிர் வரும்.

“ஏலே, அசையாம நில்லு. அசைஞ்சா தண்ணி ஒடஞ்சிரும். அப்புறம் எம்மேல குத்தம் சொல்லக் கூடாது” என்பார் மரியசூசை. அவரும் பாவம், செபமாலை உருட்டுகிற மாதிரி விநாடிகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

இரண்டு மாதத்தில் எல்லோரும் சோதனையில் தேறிவிட்டார்கள். எண்ணெய் காணாத தோல் வறண்டு, பாளம் பாளமாக வெடித்துப் போயிருந்தது. அப்படி வெடித்த கை முப்பது விநாடி என்ன, மூன்று நிமிஷம்கூடத் தண்ணீரைப் பிடித்து வைத்தது. வெடிப்புக்குள் போன தண்ணீர் எங்கே ஓடும்? நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று கழகத்துக்கு ஒரு கேடயம் வந்தது. அந்த வெடிப்புகள் வழியாகவே மஞ்சத் தண்ணீரும் உள்ளே போனது. விரல் கணுக்களில் சின்னச் சின்ன வட்டமாகக் குழி விழுந்தது. வலிக்கவில்லை. வலிக்காத புண்ணுக்கு யார் லீவு கொடுப்பார்கள்?

பெரியண்ணனுக்கு மூக்கில் முதலில் பொருக்கு வந்தது. அப்புறம் ரத்தம் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோய், மூச்சு விடும்போது மெல்லிய விசில் சத்தம் ஒன்று மட்டும் வந்தது. ஒரு சாயங்காலம் அவர் அடுப்புப் பக்கத்திலேயே குந்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயிலிருந்து திரும்பிய மாரியாயி வாசலிலேயே குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“பருப்பு அடிப்புடிச்சு லயமே நாறுது! பக்கத்துல குந்திக்கிட்டு இருக்கீங்க, ஒங்களுக்கு வெளங்கலையா?”

வீடு முழுக்கப் புகை. பெரியண்ணன் சட்டியை எடுத்து முகத்தோடு முகமாக வைத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. டப்பாவைத் திறந்து தேத்தூளை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தார். மண்ணை முகர்ந்த மாதிரிகூட இல்லை. இருபது வருஷம் தொரைகளை நிற்க வைத்த மூக்கு அது. அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

மறுநாள் மிஷன் மருந்தகத்தில் சிஸ்டர் இசபெல்லா அவர் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“பெரியண்ணன், ரெண்டு மூக்குக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கில்ல, அதுல ஓட்டை விழுந்திருக்கு. இந்தப் பக்கம் அடிச்ச வெளிச்சம் அந்தப் பக்கம் வருது. அந்த மஞ்சத் தொட்டி ஆவிதான். இனிமே அது பக்கம் போகாதீங்க.”

“வாசம் திரும்பி வருமா சிஸ்டர்?”

“ஓட்டை அடையாது. ஆனா இப்பவே வெலகிட்டா வாசம் கொஞ்சமாச்சும் வரலாம். இருந்தீங்கன்னா சுத்தமா போயிரும். வெரசா வெலகுங்க.” ஒரு சீட்டில் அதையே எழுதியும் கொடுத்தார்.

விலகுவதற்கு இடமும் இருந்தது. கொட்டகைக்கு வெளியே, நல்ல காற்றில், முடிந்த தகடுகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டி கட்டுகிற சின்னக் கூடம். அங்கே மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். தொட்டிகளில் ஒன்பதாம் தொகுதி என்று ஒன்பது பேர் வேலை செய்தார்கள். அதில் அலசுகிற தொட்டியில் நின்ற காளியாயிக்கும் ஒரு மாதமாக மூக்கில் ரத்தம். மற்றவர்களுக்கும் பொருக்கு.

“நீங்கதான் நாலெழுத்துப் படிச்சவுக. மொதல்ல நீங்க போயிட்டு வாங்கண்ணே. ஒங்களுக்கு விட்டாகன்னா நாங்க பின்னாடியே வந்துருவோம்” என்றாள் காளியாயி.

எங்கே போவது என்பதில் சந்தேகமே இல்லை. ஆபீஸ் வராந்தாவில் கொட்டை எழுத்தில் பலகை தொங்கியது: ‘குறைப் பிரிவு’.

இந்தப் பலகைக்கு ஒரு கதை உண்டு. முன்னால் இங்கிலீஷ் பலகையோடு இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் கோளாறான தகடுகளை ஆய்வு செய்வார்கள். இன்னொன்றில் தொழிலாளிகளின் புகார்களை வாங்கிக்கொள்வார்கள். எல்லாப் பலகையையும் தமிழில் எழுதச் சொல்லி உத்தரவு வந்ததும், தகட்டில் இருப்பதும் குறைதான், தொழிலாளி சொல்வதும் குறைதான் என்று இரண்டுக்கும் ‘குறைப் பிரிவு’ என்றே எழுதிவிட்டார்கள். தணிக்கைக்கு வந்தவர், ஒரே பெயரில் இரண்டு பிரிவு எதற்கு என்று ஆட்சேபம் எழுதினார். நியாயம்தானே. ஒன்றை மூடி, அதில் வெள்ளைக் கையுறைகளை அடுக்கி வைத்தார்கள். மிஞ்சிய அறையில் சேனாதிபதி இருந்தார்.

பெரியண்ணன் சீட்டை நீட்டி, “ஐயா, எனக்கு ஒரு குறைங்க” என்றார்.

சேனாதிபதி சீட்டைப் படித்தார். பதிவேட்டைத் திறந்தார். பேனாவை உதறினார்.

“பாகத்தோட பேரு?”

“பெரியண்ணனுங்க.”

“ஒன் பேரு கேக்கலய்யா. குறை எந்தப் பாகத்துல?”

“மூக்குலங்க.”

“பாக எண்?”

சேனாதிபதி பெரியண்ணன் சட்டையில் குத்தியிருந்த எண் வில்லையைப் பார்த்து எழுதிக்கொண்டார். “குறை இருக்கிற எடம்?”

“நடுச்சுவருங்க.”

மேசை விளக்கைத் திருப்பி, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி, பூதக்கண்ணாடியால் பார்த்தார். அப்புறம் அளவுக் கம்பிகள் கோத்த வளையத்தை எடுத்தார். தகட்டில் விழுந்த ஓட்டைகளை அளக்கிற கம்பிகள். ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார்த்தார். பெரியண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“நாலு மில்லிமீட்டர் போகுது. அஞ்சு போகல.” எழுதினார். “காரணம்?”

“மஞ்சத் தொட்டிங்க.”

சேனாதிபதி பேனாவை வைத்துவிட்டார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. “ஏய்யா, மஞ்சத் தொட்டி பாதுகாக்கிற பூச்சு. அதனால குறை வருமா? விதிப்படி ஓட்டைக்குக் காரணம் ரெண்டுதான். ஒண்ணு, மூலப்பொருள் மட்டம். இல்லன்னா, கையாளுறதுல கவனக்குறைவு. நீ மூலப்பொருள் மட்டம்னா சொல்றே?”

“இல்லீங்க. நல்ல மூக்குங்க அது.”

“அப்ப கவனக்குறைவு.”

“யாரு கவனக்குறைவுங்க?”

“மூக்கு யாருகிட்ட இருந்துச்சு?”

பெரியண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயா, எங்க தொகுதியில இன்னும் எட்டுப் பேருக்கு இந்தக் குறை இருக்குதுங்க. அவங்களையும் வரச் சொல்லவா?”

“எதுக்கு? ஒன்பதுல ஒண்ண மாதிரியா எடுத்துப் பாத்தாப் போதும். மாதிரிக்கு என்ன முடிவோ, அதுதான் தொகுதிக்கே முடிவு.”

அது பெரியண்ணனுக்கு ஆறுதலாக இருந்தது. முடிவு மூன்று விதம் என்றும் சேனாதிபதி சொன்னார். ஏற்பு, மறுபதனிடல், கழிவு. மறுபதனிடல் என்றால் மறுபடி தொட்டியில் முக்குவது என்று அவருக்குத் தெரியும். கழிவு என்றால் பின்பக்கத்து மழையில் கிடக்கிற குவியல். அன்றிலிருந்து பத்து நாள் பெரியண்ணனும் மாரியாயியும் ஏற்பு வர வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டார்கள். காளியாயி பூம்பாறை முருகனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாள்.

பதினோராம் நாள் சாயங்காலம் பச்சை அட்டை வந்தது. பெரியண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘பாகம்: மூக்கு. எண் 9/4. குறை ஏற்கப்பட்டது.’ கீழே கையெழுத்து, முத்திரை.

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. “ஏத்துக்கிட்டாங்க புள்ள! என் குறைய ஏத்துக்கிட்டாங்க!”

“அப்ப நாளையிலேருந்து தொட்டிக்குப் போக வேணாமா?”

“வேணாம். வெளியே பெட்டி கட்டப் போறேன்.”

மாரியாயி அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் வெள்ளனே எழுந்து, வருஷம் ஒன்றாக மூடியே கிடந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலைச் சூடு காட்டி, அவர் தலையிலும் கையிலும் காலிலும் வழிய வழியத் தேய்த்தாள். வெடிப்புகளுக்குள் எண்ணெய் இறங்கும்போது அவருக்கு உடம்பே இளகியது. “வாசம் தெரியுதா?” என்று கேட்டாள். தெரியவில்லை. “இனிமே வரும்” என்றார்.

கேட்டில் மரியசூசை செம்பைச் சாய்த்தார். சேம்பு இலையில் விழுந்த மாதிரி தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. வரிசையே வாய் பிளந்து பார்த்தது.

“ஏலே, என்ன காரியம்டா பண்ணிட்டு வந்திருக்கே?”

பெரியண்ணன் சிரித்தபடி பச்சை அட்டையைக் காட்டினார். மரியசூசை ஒன்றும் புரியாமல் சேனாதிபதியைக் கூப்பிட்டார். சேனாதிபதி வந்தார், விதிப் புத்தகத்தோடு.

“குறைய ஏத்துக்கிட்டீங்களே ஐயா, இனிமே தொட்டி இல்லீங்களே…”

“என்னய்யா படிச்சே நீ? குறை ஏற்கப்பட்டதுன்னா, இந்தக் குறையோடயே பாகத்தை உபயோகிக்கலாம்னு அர்த்தம். விதி பதினாலு. வெளிப்பார்வைக்குத் தெரியாத எடத்துல, அஞ்சு மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஓட்டை ஏற்கத்தக்கது. ஒன் ஓட்டை வெளியில தெரியுதா?”

“இல்லீங்க.”

“அஞ்சுக்குள்ள இருக்கா?”

“இப்ப இருக்குதுங்க. நாளைக்குப் பெருசானா?”

“ஏற்கப்பட்ட பாகத்தை மறுபடி ஆய்வு செய்யக் கூடாது. விதி பதினஞ்சு.” சேனாதிபதி குரலைத் தணித்துக்கொண்டார். “சந்தோஷப்படுய்யா. கழிவுன்னு எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒன் குடும்பத்தை நெனச்சுத்தான் ஏற்புப் போட்டேன்.”

பெரியண்ணன் எண்ணெய் வழிகிற நெற்றியோடு நின்றார். ஒரு வழி தோன்றியது. “ஐயா, ஏத்துக்கிட்ட தகடெல்லாம் பெட்டி கட்டுற கூடத்துக்குத்தானே போகுது? என்னையும் ஏத்துக்கிட்டீங்க. அப்ப நானும் அங்கதானே போகணும்?”

சேனாதிபதி இதை எதிர்பார்க்கவில்லை. புத்தகத்தைப் புரட்டினார். முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு நிம்மதியாகத் தலையாட்டினார்.

“தகடு வேலை முடிஞ்சு போகுது. ஒனக்குத்தான் இன்னும் வேலை முடியலையே.”

சோடாத் தொட்டியிலிருந்து ஒரு வாளி மொண்டு வந்து, தண்ணீர் கலந்து, கேட்டிலேயே அவர் தலையைக் கழுவினார்கள். மூன்றாவது தடவை தண்ணீர் உடையாமல் நின்றது. முப்பது விநாடி. மரியசூசை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “உள்ள போப்பா” என்றார்.

கொட்டகைக்குள் அறிவிப்புப் பலகையின் முன்னால் தொகுதியே கூடி நின்றது. புதுக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. மூக்கில் துணியை ஒற்றிக்கொண்டிருந்த காளியாயி அவரைக் கண்டதும் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

“நம்ம தொகுதி நம்பரு போட்டுக் கெடக்குன்னு மட்டும் தெரியுது. என்னன்னு படிங்கண்ணே.”

பெரியண்ணன் பார்த்தார். தலையிலிருந்து சோடாத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். ஒரு காலத்தில் தொரைகள் பார்த்த மாதிரி.

“ஒன்பதாம் தொகுதி, பணியாளர். குறை ஏற்கப்பட்டது” என்று படித்தார்.

காளியாயி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். “முருகா! எல்லாத்துக்குமா? நான் போகாமலேயா? ஒங்க மூக்குக்குக் கோடிப் புண்ணியம்ண்ணே!” மற்றவர்கள் கை தட்டினார்கள். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள், சத்தம் வரவில்லை.

அர்த்தத்தைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். மூக்கு விசில் அடித்தது. காளியாயியின் துணியில் புது ரத்தம் இருந்தது, முகத்தில் சிரிப்பு இருந்தது.

“எப்பண்ணே நம்மள வெளிய மாத்துவாக?”

“சொல்லி அனுப்புவாங்க தங்கச்சி” என்று சொல்லிவிட்டு, பெரியண்ணன் கையுறையை மாட்டிக்கொண்டு, முதல் கொக்கியை மஞ்சத் தொட்டிக்குள் இறக்கினார்.